மோட்டார் பெட்டியா, தொலைத்தொடர்புக் கருவியா?

கோயம்புத்தூரில் பம்புசெட் பாகங்கள் செய்கிற சிறிய பட்டறை எங்களுடையது. கிணற்று மோட்டாரையும் தொட்டியின் நீர்மட்டத்தையும் செல்போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு பெட்டி வடிவமைத்தோம். தொட்டியோரம் இருக்கும் சின்னக் கருவி, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் லோரா ரேடியோவில் அளவைச் சொல்லும். பண்ணை வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டி அதை வாங்கி, உள்ளே இருக்கும் 4ஜி சிம் வழியாக இணையத்துக்கு அனுப்பும். எங்களுக்கு அது மோட்டார் பெட்டி, அவ்வளவுதான். நூறு பெட்டி கேட்ட விநியோகஸ்தர், "டி.இ.சி. சான்றிதழ் இருக்குங்களா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு வேறொரு வாசல் இருப்பதே தெரிந்தது.

தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது மோட்டாரை ஓட்டுதுன்னு நீங்க சொல்றீங்க. விதிக்கு அது முக்கியம் இல்லை. இது எதோட பேசுது, எந்த வழியா பேசுது, அதைச் சொல்லுங்க." அன்று இரவே பெட்டியில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் ஒரு தாளில் எழுதினேன். லோரா, 4ஜி, புளூடூத், 12 வோல்ட் அடாப்டர். இந்த வேலையில் நான் செய்த உருப்படியான முதல் காரியம் அந்தத் தாள்தான்.

அந்த நான்கு வரிகளும் நம்மை மூன்று இடங்களுக்குக் கூட்டிப்போகும். பொதுத் தொலைத்தொடர்பு வலையோடு இணைகிற கருவி என்பதால், 2017-இல் திருத்தப்பட்ட தந்தி விதிகளின்படி வந்த எம்.டி.சி.டி.இ. என்ற கட்டாயச் சோதனைத் திட்டம் பொருந்தும். அதைத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையமான டி.இ.சி. நடத்துகிறது. ரேடியோ பகுதிக்கு, அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவின் இ.டி.ஏ. என்ற கருவி வகை ஒப்புதல் வேண்டும். அடாப்டர், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் கட்டாயப் பதிவுக்குள் வரும். பதிவு எண் உள்ள அடாப்டரையே வாங்கியதால் அது அன்றே முடிந்தது.

டி.இ.சி. பட்டியலில் எங்கள் பெட்டிக்கு எந்தப் பெயர் என்பதில்தான் அதிக நாள் போனது. "மோட்டார்" என்று அங்கே ஒரு வரியும் இல்லை. ஐ.ஓ.டி. கேட்வே (கருவிகளை இணையத்தோடு சேர்க்கும் நுழைவாயில்), தடம் காட்டும் கருவி, சுற்றுச்சூழல் கண்காணிப்பு முனைக்கருவி என்று பக்கத்தில் பக்கத்தில் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் 'அத்தியாவசியத் தேவைகள்' என்ற தனி ஆவணம் உண்டு. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் அந்த ஆவணத்தில் உள்ள விளக்கத்தைப் படிக்க வேண்டும். பல கருவிகளின் தகவலைத் திரட்டி வெளி வலைக்கு அனுப்புவதால் எங்களுடையது கேட்வே என்று தெளிவானது. வகை மாறினால் சோதனைகள் மாறும், கட்டணப் பிரிவும் மாறலாம். அதனால் இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது.

ரேடியோவில் ஒரு பெரிய கோளாறு காத்திருந்தது. நாங்கள் வாங்கிய லோரா மாட்யூல் ஐரோப்பிய அமைப்போடு வந்திருந்தது, 868.1, 868.3, 868.5 மெகாஹெர்ட்ஸில் பேசியது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை 865 முதல் 868 வரைதான். அதிலும் 867-க்கு மேலே உள்ள பகுதி 2021-இல் சேர்ந்தது. மூன்று சேனலும் எல்லைக்கு வெளியே! மென்பொருளை இந்திய அமைப்புக்கு மாற்றி, அப்புறம்தான் ரேடியோ சோதனைக்குக் கொடுத்தோம்.

அடுத்து ஆய்வகம். ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதே என்று ஓர் ஆய்வகத்தில் பணம் கட்டி அறிக்கை வாங்கினோம். எம்.டி.சி.டி.இ.க்கு அது செல்லவில்லை. டி.இ.சி. நியமித்த ஆய்வகமாக இருக்க வேண்டும். நம் வகைக்கு உரிய சோதனைகள் அதன் அனுமதிப் பட்டியலிலும் இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கருவி வெளிவிடும் ரேடியோ இரைச்சலை அளக்கும் மின்காந்த இடையூறு சோதனையில் ஏ, பி என்று இரண்டு வகுப்பு. ஏ தொழிற்கூடம் மாதிரியான இடங்களுக்கு, பி வீடுகளுக்கு. 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை, 10 மீட்டர் தூரத்தில் ஏ-வின் வரம்பு 40 டெசிபல், பி-யின் வரம்பு 30. சிலர் "ஏ போதுமே" என்றார்கள். ஆனால் எங்கள் பெட்டி தொங்கப்போவது டி.வி.யும் ரேடியோவும் ஓடுகிற பண்ணை வீட்டில். பி-க்கே கொடுத்தோம், முதல் முறை தோற்றோம். மின்சாரம் வரும் நீள ஒயரே ஆன்டெனா போல வேலை செய்திருக்கிறது. ஒயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டி, போர்டில் மின்னழுத்தத்தை மாற்றும் பகுதியின் கிரவுண்ட் இணைப்புத் தளத்தைத் திருத்தி, மூன்றாம் வாரம் திரும்பப் போய்த் தேறினோம். நான் செய்த செலவுகளில் மனதுக்கு நிறைவானது இதுதான்.

விண்ணப்பத்தில் ஒரு முதன்மை மாடலும் அதோடு சேர்ந்த துணை மாடல்களும் காட்டலாம். எல்லா இணைப்பும் உள்ள பெட்டியையே முதன்மையாக வைக்க வேண்டும். புளூடூத் இல்லாத மலிவு மாடலைத் துணையாகச் சேர்த்தோம். ஈதர்நெட் வைத்த அடுத்த மாடலை மட்டும் அப்போது யோசிக்கவில்லை. இப்போது அதற்குப் போர்டு வரையும் முன்பே இணைப்புத் தாளை எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரும் வரை போர்டு வேலையைத் தொடவில்லை.