டேட்டா காப்பி மேல் மட்டும் பழி போடாதீர்கள்

ஸ்டோரேஜ் சர்வர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சிதான். எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும் பெர்ஃப் ரிப்போர்ட்டைத் திறந்தால், கெர்னலிலிருந்து (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) யூசர் பஃபருக்கு, அதாவது ப்ரோக்ராமின் சொந்த மெமரிக்கு, டேட்டாவைக் காப்பி செய்யும் ஃபங்ஷன் முதல் வரியில் நிற்கும். உடனே “இதை வேகமாக்கினால் போதும்” என்று யாராவது சொல்வார்கள். எங்கள் டீமிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

கெர்னல் மெமரியைப் பிரித்துக் கையாளும் துண்டான ஒரு பேஜ் 4096 பைட், எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள்) ஒரு கேஷ் லைன், அதாவது ப்ராசஸர் தன் வேகமான உள் மெமரியான கேஷுக்குள் ஒரே தடவையில் எடுக்கும் துண்டு, 64 பைட், ஆக ஒரு பேஜைக் காப்பி செய்ய 64 லைன்களைத் தொட வேண்டும். லைன் மிக அருகிலுள்ள சின்னக் கேஷான எல்1-இல் இருந்தால் நாலைந்து சைக்கிளில் வேலை முடியும். ராம் வரை போக வேண்டியிருந்தால் நூறு நானோசெகண்ட் பக்கம் ஆகிவிடும். டிஸ்க்கிலிருந்து வந்த டேட்டாவை முதலில் தொடுவது காப்பிதான், அதனால் அந்தக் காத்திருப்பு முழுக்க அதன் கணக்கில் எழுதப்படுகிறது. அதை எடுத்துவிட்டாலும், அடுத்து தொடுகிற ஃபங்ஷன் காத்திருக்கத்தான் போகிறது.

இன்னொன்று, சாதாரணமாக எழுதும்போது போய்ச் சேரும் லைனையும் ப்ராசஸர் முதலில் கேஷுக்குள் கொண்டுவரும், முழுசாக மேலெழுதத்தான் போகிறோம் என்றாலும். இதைத் தவிர்க்க, கேஷை ஒதுக்கிவிட்டு நேராக மெமரிக்கு எழுதும் மூவ்என்டிஐ என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கிறது. கெர்னலுக்குள் எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் எனும் அகலமான ரெஜிஸ்டர்களைத் தொடுவதென்றால் எஃப்பியு நிலையை, அதாவது அவற்றில் ஏற்கனவே இருக்கும் மதிப்புகளை, பத்திரப்படுத்த வேண்டும், அது தனிச் செலவு. மூவ்என்டிஐ சாதாரண ரெஜிஸ்டரிலேயே ஓடும் என்பதால் எல்லாருக்கும் பிடித்துப்போனது. போட்டுப் பார்த்தோம். ரிப்போர்ட்டில் காப்பியின் பங்கு நன்றாகக் குறைந்தது.

ஆனால் சர்வரின் மொத்த வேகமும் குறைந்தது! காரணம், ரீட் முடிந்த கையோடு எங்கள் ப்ரோக்ராம் அதே பஃபருக்குச் செக்சம் (டேட்டா கெடவில்லை என்று சரிபார்க்கும் கூட்டு எண்) போடும். முன்பு அந்த டேட்டா கேஷிலேயே சூடாக இருந்தது, இப்போது ஒவ்வொரு லைனுக்கும் ராம் வரை போய்வர வேண்டியிருந்தது.

தனி பெஞ்ச்மார்க் இதைக் காட்டவே காட்டாது. அதே 4 கேபி பஃபரை லூப்பில் திரும்பத் திரும்பக் காப்பி செய்தால் எல்லாம் எல்1-க்குள்ளேயே இருக்கும், அங்கே நீளமாக விரித்து எழுதிய கோட் ஜெயிக்கும். நிஜத்தில் அந்த நீளமான கோடே இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷில் இடத்தைப் பிடித்து மற்ற கோடை வெளியே தள்ளும். மொத்தக் காப்பியையும் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனாகச் செய்யும் ரெப் மூவ்எஸ்பி இரண்டே பைட். இன்டெலின் ஐவி பிரிட்ஜ் ப்ராசஸரிலிருந்து அது வேகம் பிடித்தது, ஐஸ் லேக்கில் சிறிய காப்பிகளுக்கும் தேறிவிட்டது. 2023-இல் லினக்ஸ் 6.4-க்காக லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் யூசர் காப்பி கோடைத் திருத்தி, சிறிய காப்பிகளும் வேகமாக ஓடும் இந்த வசதியுள்ள ப்ராசஸர்களில் அந்த இன்ஸ்ட்ரக்‌ஷனையே இன்லைனாக, அதாவது தனி ஃபங்ஷனைக் கூப்பிடாமல் அந்த இடத்திலேயே, வைத்தார். எனக்கு அது மிகச் சரியான முடிவாகத் தோன்றுகிறது.

கேஷை ஒதுக்கும் காப்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. பவர் போனாலும் டேட்டாவை இழக்காத பெர்சிஸ்டென்ட் மெமரிக்கு எழுதும்போது அதுதான் சரி.

கடைசியில் நாங்கள் காப்பியைத் தொடவேயில்லை. 4 எம்பி பஃபரில் மொத்தமாகப் படித்துக்கொண்டிருந்ததை 128 கேபி துண்டுகளாக மாற்றினோம், காப்பியும் செக்சமும் எல்1-க்கு அடுத்த பெரிய கேஷான எல்2-க்குள் முடியும்படி. அதற்கும் கீழே இறக்கினால் சிஸ்டம் கால் (ப்ரோக்ராம் கெர்னலைக் கூப்பிடுவது) செலவு ஏறிக்கொண்டே போனது, மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டைக்கான பேட்ச் போட்ட மெஷின்களில் இன்னும் அதிகம். எல்2 அளவு ப்ராசஸருக்கு ப்ராசஸர் மாறும் என்பதால், புது மெஷின் வரும்போதெல்லாம் இந்த எண்ணை மறுபடி அளந்துதான் வைக்கிறோம்.