ஓட்டு இல்லாவிட்டாலும்: அமெரிக்காவில் கடனைப் பற்றிக் கவலைப்படும் வேட்பாளருக்குத் துணை நிற்க

அமெரிக்க அரசின் கடன் 2025 அக்டோபரில் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. 2024 நிதியாண்டிலேயே வட்டிச் செலவு ராணுவச் செலவை மிஞ்சிவிட்டது. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள்தான் அந்த வட்டியைக் கட்டப்போகிறார்கள். அதனால் 'வேலைக்கு வந்தவர்களுக்கு அரசியல் எதற்கு' என்று ஒதுங்குவது சரியில்லை. ஆனால் விசா நிலை தெரியாமல் இறங்கினால் ஆபத்து.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக வேலை, குடும்ப, படிப்பு விசாவில் இருப்பவர்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரும் ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. பிரசார டி-ஷர்ட் வாங்குவதும் விருந்துக்கு டிக்கெட் எடுப்பதும் சட்டப்படி நன்கொடைதான். எச்-1பி நண்பர் 'என் பங்கையும் சேர்த்துக் கட்டிவிடு' என்று கையில் பணம் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். அடுத்தவர் பணத்தை நம் பெயரில் கொடுப்பது தனிக் குற்றம். ஊதியம் வாங்காத தொண்டு வேலைக்கு மட்டும் எந்த விசாவும் தடையில்லை. வீடு வீடாகப் போகலாம், தொலைபேசியில் பேசலாம். பிரசாரப் பணத்தை எங்கே செலவழிப்பது போன்ற முடிவுகளில் மட்டும் கலந்துகொள்ளக் கூடாது.

கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) கையில் இருந்தால் நன்கொடை தரலாம். 2025-26 தேர்தல் சுற்றில் மத்தியப் பதவிக்கு நிற்கும் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை. பிரைமரி (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) ஒரு கணக்கு, பொதுத் தேர்தல் இன்னொரு கணக்கு. ரொக்கமாக 100 டாலருக்கு மேல் கூடாது. மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயர், தொழில், முதலாளி பெயர் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறும். வரிவிலக்கு கிடையாது. கார்ப்பரேஷன் நடத்துகிறவர்கள் கம்பெனி கார்டில் தரக் கூடாது, சொந்தக் கணக்கிலிருந்துதான் தர வேண்டும்.

ஓட்டு குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் நீட்டும் படிவத்தில் வாக்காளர் பதிவுக் கட்டமும் இருக்கும். படிக்காமல் டிக் செய்துவிட்டால், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் 'எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா?' என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். நாடுகடத்தல் வரை போகக்கூடிய விஷயம் இது.

யாருக்குத் துணை நிற்பது? கடன் கூடாது என்று மேடையில் எல்லாரும்தான் சொல்கிறார்கள். வெளிநாட்டு உதவியை நிறுத்தினால் தீரும் என்பவரை நம்ப வேண்டாம். அது பட்ஜெட்டில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு), மெடிகெய்ட் (ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு), வட்டி ஆகிய நான்கும் சேர்ந்தே செலவில் பாதிக்கு மேல் போகிறது. எதைக் குறைப்பீர்கள், எந்த வரியை உயர்த்துவீர்கள் என்று நேரே கேளுங்கள். பிறகு, தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போது அவர் எப்படி வாக்களித்தார் என்று பாருங்கள். என் கணக்கில் அதைவிடப் பெரிய உரைகல் இல்லை.

2021-ல் 1.9 லட்சம் கோடி டாலர் கோவிட் நிவாரண மசோதாவை, செலவும் கடனும் அவசரத் தேவைக்கு மேல் போகிறது என்று சொல்லி பிரதிநிதிகள் சபையின் இறுதி வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்த ஒரே டெமாக்ரட் மெயின் மாநிலத்தின் ஜாரெட் கோல்டன். 2025 ஜூலையில் டிரம்ப்பின் பெரிய வரி மசோதா வந்தது. பத்தாண்டில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டிருந்தது. கடன் உச்சவரம்பையும் அதே மசோதா 5 லட்சம் கோடி டாலர் உயர்த்தியது. பிரதிநிதிகள் சபையின் இறுதி வாக்கெடுப்பில் எதிர்த்த ரிபப்ளிகன்கள் இருவரே. அவர்களில் ஒருவர், கடன் ஏறுவதைக் காட்டும் சின்னக் கடிகாரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு திரியும் கென்டக்கியின் தாமஸ் மாஸி. மற்ற கொள்கைகளில் இவர்களோடு நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை. சொந்தக் கட்சியின் கோபத்தைத் தாங்கி நின்றார்களே, அதைத்தான் மதிக்கிறேன். வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்பது பிரதிநிதிகள் சபைச் செயலரின் தளத்தில் பெயர் வாரியாக இருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு நெருக்கடி பெரும்பாலும் பிரைமரியில்தான் வரும். அதில் ஓட்டுப் போடுகிறவர்கள் குறைவு. நூறு வீடுகளுக்குப் போய்ப் பேசுவது அங்கே கணக்கில் தெரியும். கென்டக்கி போன்ற மாநிலங்களில் அந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டுமே பிரைமரியில் ஓட்டுப் போட முடியும். கட்சி மாற நினைப்பவர்கள் முந்தைய ஆண்டு டிசம்பர் 31-க்குள் மாற வேண்டும். புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் பலர் கட்சிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, தேர்தல் அன்று திரும்பி வருகிறார்கள். டெக்சாஸில் கட்சிப் பதிவே கிடையாது. உங்கள் மாநிலத்தில் எப்படி என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

துண்டறிக்கையைத் தபால் பெட்டிக்குள் போடாதீர்கள், தபால்தலை ஒட்டாத எதையும் அதில் போடுவது மத்தியச் சட்டப்படி தவறு. கதவுப் பிடியில் மாட்டலாம். வரிவிலக்குப் பெற்ற தமிழ்ச் சங்க மேடையில் வேட்பாளருக்கு ஆதரவு கேட்டால் சங்கத்தின் வரிவிலக்கே போய்விடலாம். அதற்குப் பதில் கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர் தன் வீட்டில் இட்லி, காபியோடு கூட்டம் வைக்கலாம். சாப்பாட்டுச் செலவில் ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர் வரை நன்கொடைக் கணக்கில் சேராது.