சார்ட்டில் தெரிகிறது, ஆனாலும் மங்குகிறது: காண்டாக்ட் லென்ஸ் ஆய்வு நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

லென்ஸ் போட்ட கையோடு பார்வையை அளக்கக் கூடாது. கண்ணீர் ஊறும், லென்ஸ் மிதக்கும், பவர் தப்பாக வரும். 15 முதல் 20 நிமிடம் பொறுக்க வேண்டும்.

லாக்மார் சார்ட் (வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் பார்வைப் பலகை) 4 மீட்டரில். வரிக்கு 5 எழுத்து, எழுத்துக்கு 0.02 மதிப்பு. "வரி முழுதும் படித்தார்" என்ற குறிப்பு ஆய்வுக்கு உதவாது. இரண்டு லென்ஸுக்கு இடையே வித்தியாசமே பல நேரம் இரண்டு மூன்று எழுத்துதான். சிலர் கூச்சத்தில் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். பழி லென்ஸ் மேல் விழும். "தெரியலைன்னாலும் தோணுறதைச் சொல்லுங்க" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். சார்ட்டையும் மாற்றி மாற்றி வைக்காவிட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

மார்ச் 5, புதன்

0.00 வரை, அதாவது இயல்பான பார்வைக்கான வரி வரை, படித்துவிட்டு "மங்கலா வருது, போகுது" என்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: சிமிட்டினால் தெளிகிறதா, கலங்குகிறதா?

சிமிட்டியதும் தெளிந்து, கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சில விநாடிகளில் மங்கினால், முதல் சந்தேகம் லென்ஸ் மேலுள்ள கண்ணீர்ப் படலம் உடைவதன் மேல். லென்ஸ் இறுக்கமாக இருந்தாலும் இதே புகார்தான் வரும்: நடுவில் கருவிழியைத் தொடாமல் வளைந்து நிற்கும் லென்ஸை இமை ஒரு கணம் அழுத்திவிட்டுப் போகும். இவை இரண்டையும் பிரிக்கக் கீழிமையால் லென்ஸை மேலே தள்ளிப் பார்க்கலாம். இறுகிய லென்ஸ் நகர மறுக்கும், நகர்ந்தாலும் மெதுவாகத்தான் திரும்பும். சிமிட்டியதும் கலங்கிப் பிறகு தெளிந்தால் லென்ஸ் தளர்வு.

சார்ட் இதைக் காட்டாது. படிப்பவர் சிமிட்டிச் சிமிட்டி, தெளிவான கணத்தில் எழுத்தைப் பிடித்துவிடுகிறார்.

மார்ச் 10, திங்கள்

டாரிக் லென்ஸ், அதாவது கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாதவர்களுக்கான லென்ஸ். சிலிண்டர் (அந்தக் கோணலைத் திருத்தும் பவர்) −1.75, ஆக்சிஸ் (அந்தப் பவர் நிற்க வேண்டிய கோணம்) 180. ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்தால் லென்ஸின் கீழ்ப்பக்க அடையாளக் கோடு நம் இடப்பக்கம் 10 டிகிரி விலகி நிற்கிறது. 10 டிகிரிக்கே சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. இங்கே ஏறத்தாழ 0.60. 30 டிகிரி விலகினால் சிலிண்டர் போட்டதும் போடாததும் ஒன்று.

நம் இடப்பக்கம் திரும்பினால் கூட்டு, வலப்பக்கம் என்றால் கழி. 180-உடன் 10 கூட்டினால் 190, அதாவது ஆக்சிஸ் 10. ஆனால் உடனே ஆர்டர் போடக் கூடாது. விரலால் 45 டிகிரி திருப்பிவிட்டு, சில முறை சிமிட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதே 10 டிகிரிக்குத் திரும்பினால் ஆக்சிஸை மாற்றலாம். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒவ்வோர் இடத்தில் நின்றால் டிசைனையே மாற்ற வேண்டும்.

மார்ச் 12, புதன்

கண்ணாடி பவர் −6.00, கண்ணிலிருந்து 12 மி.மீ. தூரம் என்றால், கண் மேலேயே உட்காரும் லென்ஸுக்கு −5.60. கடையில் −5.50 அல்லது −5.75தான் கிடைக்கும். இந்தத் திருத்தத்தை மறந்தால் மற்ற அளவு எல்லாம் வீண்.

மார்ச் 14, வெள்ளி

மல்டிஃபோக்கல் லென்ஸை (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் வெவ்வேறு பவர் கொண்டது) கருப்பு எழுத்துச் சார்ட்டில் மட்டும் சோதிப்பது அதற்குச் சலுகை காட்டுவது. வெளிர் சாம்பல் எழுத்தும் மங்கிய விளக்கும் வேண்டும். இருட்டில் கண்மணி விரியும், லென்ஸின் ஓரப் பவரும் வேலை செய்யும். புகார் வருவது அங்கேதான்.

சிறுவர்களின் கிட்டப்பார்வை ஆய்வில் கேள்வியே வேறு: எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதல்ல, கிட்டப்பார்வை எவ்வளவு ஏறுகிறது என்பது. 2020-இல் வெளியான 'பிளிங்க்' ஆய்வில் 294 பிள்ளைகள், 3 ஆண்டு. +2.50 கூடுதல் பவர் உள்ள மல்டிஃபோக்கல் லென்ஸ் போட்டவர்களுக்குக் கிட்டப்பார்வை சராசரியாக 0.60 டயாப்டர் ஏறியது, சாதா லென்ஸில் 1.05. அதை அளந்தது சொட்டு மருந்து விட்டு, கணினிக் கருவியால். எழுத்துச் சார்ட்டால் அல்ல.

மார்ச் 19, புதன்

ஃப்ளூரசின் (கருவிழியில் பட்ட சேதத்தைக் காட்டும் சாயம்) எப்போதும் கடைசியில். பார்வை அளவு எல்லாம் முடித்து, லென்ஸைக் கழற்றிய பிறகுதான் சாயம்; மென் லென்ஸ் அதை உறிஞ்சி மஞ்சளாகிவிடும். நீல ஒளி போதாது, பார்ப்பவர் பக்கம் மஞ்சள் ஃபில்டர் இல்லாவிட்டால் கருவிழியின் நுண்புள்ளிகள் தப்பிவிடும். இரண்டு கண்ணையும் இரண்டு ஆளாகக் கணக்கில் சேர்த்திருந்த தாளைத் திருத்த வேண்டும்: ஒரே ஆளின் கண்கள் ஒன்றையொன்று ஒத்துத்தான் நடக்கும்.