அடிக்காட்டில் அலகு தேடி: சில நாட்குறிப்புகள்

ஜனவரி 18, கித்துல்கல

கித்துல்கலக் காட்டில் பறவை பார்க்க ஹட்டனில் பஸ் ஏறும்போது கம்பளிச் சட்டை போட்டிருந்தேன். கினிகத்தேனை வளைவுகள் முடிவதற்குள் அது பைக்குள் போய்விட்டது. களனி கங்கையைக் கடந்து காட்டுக்குள் கால் வைத்ததும் வியர்வையும் அட்டையும் சேர்ந்து வரவேற்றன. மேலே தேயிலை மலைகளில் வெளிச்சம் தாராளம். இங்கே இலைகளுக்கிடையே கசிந்து வருவதுதான் வெளிச்சம். அதில் எல்லாக் குருவிக்கும் பாசி நிறம்.

கூட வந்தவன் அக்காவின் மகன். "மாமா, செண்பகம்!" என்று முதல் புதரிலேயே கையை நீட்டினான்.

"எந்தச் செண்பகம்?"

"அதுதான், நம்ம லயத்துக்குப் பின்னால் திரியுமே!"

லயத்துக்கு, அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் திரிவதற்கு அலகு கறுப்பு. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இன்னொரு செண்பகம் இந்தக் காட்டில் இருக்கிறது. அதன் இறக்கைச் செம்மை சற்று மங்கல். ஆனால் நிழலில் மங்கலுக்கு என்ன மதிப்பு? சிறுமூங்கில் புதருக்குள் அது வாலை மட்டும் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றது. பிறகு எதையோ கவ்வத் தலையைத் திருப்பியது. தோல் சீவிய பீர்க்கங்காயின் நிறத்தில் தடித்த அலகு. பச்சையலகுச் செண்பகமேதான். பையன் வாலைப் படம் எடுத்திருந்தான். வாலை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது என்றேன், முகம் சுருங்கிவிட்டது.

அதே நாள், இரவு

தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்கு இந்த ஊர்க் கதையைச் சொன்னேன். 1995இல் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட இங்கேதான் ஓர் இரவில் இனம் தெரியாத குரல் ஒன்றைக் கேட்டார். குரலுக்குரிய பறவையைக் கண்ணால் காண 2001 ஆகிவிட்டது. சிங்கராஜக் காட்டில் கண்டார். 2004இல் அது புதிய இனமென்று அறிவிக்கப்பட்டது: செரண்டிப் சிற்றாந்தை. செம்பழுப்பு உடல், மற்றச் சிற்றாந்தைகளுக்குத் தலையில் நிற்கும் கொம்பு போன்ற இறகுகள் இதற்கு எடுப்பாக இல்லை. ஆறு வருடம் வெறும் குரலாகவே இருந்த பறவை, அதனால் குரலை நம்பலாம் என்றதும் பையன் காதைத் தீட்டிக்கொண்டான். எங்களுக்குக் கிடைத்தது தவளைக் கச்சேரி.

ஜனவரி 19

குரலை நம்பலாம் என்று நேற்றுச் சொன்னதற்கு இன்று காலையே ஒரு திருத்தம் தேவைப்பட்டது. செந்நிறத் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சளசளவென்று கடந்தது. செம்மஞ்சள் அலகு, செம்மஞ்சள் கால். தோட்டத்து வெள்ளைக்கண் தவிட்டுக்குருவியோடு குழப்ப முடியாது. அதன் பின்னால் கொண்டைக் கரிச்சான். இந்தக் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்து விடும். ஒரே மரத்திலிருந்து வரிசையாக நாலு பறவை கூப்பிட்டால் நாலையும் எழுதாதே, முதலில் கரிச்சானைத் தேடு என்றேன்.

ஜனவரி 25, தோட்டம்

கொய்யா மரத்தில் வெள்ளைக்கண்ணிகள். எங்கள் உயரத்தில் பெரும்பாலும் இலங்கை வெள்ளைக்கண்ணிதான். முதுகு கரும்பச்சை, அலகு சற்றுத் தடிப்பு. அடிவாரத்தில் இருப்பது மஞ்சள் தூக்கலான மற்ற வெள்ளைக்கண்ணி. இரண்டும் சந்திக்கும் நடுமலையில் பொறுமை வேண்டும்.

பெப்ரவரி 2, மீண்டும் கித்துல்கல

இன்று முழுக்க ஒரே குருவிக்குப் போய்விட்டது, வருத்தமில்லை. குளிர்காலத்தில் வரும் ஈப்பிடிப்பான்களில் இரண்டு, ஒன்றை அச்சடித்து மற்றதை எடுத்தது போல இருக்கும்: பழுப்பு ஈப்பிடிப்பான், பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான். பெரிய கண், கண்ணைச் சுற்றி வெளிர் வளையம், கீழ்க்கொப்பில் அசையாத இருப்பு. மார்பைப் பார்த்து இனம் சொல்லுவோர் உண்டு. இந்தப் பச்சை வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டையே பழுப்பாகத் தெரிகிறது.

நான் காலைப் பார்ப்பேன். இன்றையது ஓடைக்கு மேல் சாய்ந்த கொப்பில், பத்தடி தூரத்தில் இருந்தது. முதலில் வயிற்று இறகுக்குள் கால் மறைந்திருந்தது. பூச்சி ஒன்றைப் பிடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது தெரிந்தது: வெளிறிய தோல் நிறக் கால். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கால் கறுப்பு. கீழலகும் அடி முதல் நுனி வரை மஞ்சள். மற்றதற்கு நுனி கறுத்திருக்கும். பழுப்பு மார்புதான். வழியில் வந்த ஒருவர் கைபேசியில் பறவைக் குரலை உரக்க ஒலிக்கவிட்டார், குருவி போய்விட்டது. இரை தேடும் பறவையைப் பொய்க் குரலால் அலைக்கழிப்பதில் என்ன ரசனையோ.

பெப்ரவரி 12, போயா (பௌர்ணமி விடுமுறை)

கிளிகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பறந்தன. லேயார்ட் கிளிக்குக் குட்டை வால், நுனி மஞ்சள், முதுகும் சாம்பல். செந்தலைக் கிளியின் பெட்டைக்கும் தலை சாம்பல்தான்; ஆனால் முதுகு பச்சை, வால் நீளம், நுனி வெள்ளை.

பிறகு மலைமைனா. இங்கே இரண்டு இனமும் உண்டு. இலங்கை மலைமைனாவுக்கு மஞ்சள் சதைமடல் பிடரியில் மட்டும். அலகின் அடியில் கறுப்பு. மற்றதற்குக் கண்ணுக்குக் கீழேயும் மஞ்சள் உண்டு. வந்த ஜோடி உச்சிக்கொப்பில், வானத்துக்கு எதிரே வெறும் கறுப்பு உருவமாக இருந்தது. பையன் தொலைநோக்கியை இறக்கவில்லை.

"கண்ணுக்குக் கீழே தெரியவில்லை மாமா. 'மலைமைனா, இரண்டு' என்று மட்டும் எழுதவா?"

"எழுது."