வாசிப்பு வகுப்பு: சில நாள் குறிப்புகள்

ஜூலை 7, திங்கள்

நான்காம் வகுப்பு. முன் வரிசைப் பெண் ஒரு பத்தியைத் தங்குதடையின்றி வாசித்தாள். என்ன சொல்கிறது என்று கேட்டால் திருதிருவென விழிக்கிறாள். கேள்வி பதிலில் மட்டும் எப்போதும் முழு மதிப்பெண். அது எப்படி என்று பார்க்க, பலகையில் பொருளே இல்லாமல் ஒன்று எழுதினேன்: "கிமுட்டன் சொபரியில் தமுங்கினான்."

கிமுட்டன் எதில் தமுங்கினான்? "சொபரியில்!" தமுங்கியது யார்? "கிமுட்டன்!" மொத்த வகுப்பும் கத்துகிறது. சரி, தமுங்கினால் வலிக்குமா? சத்தம் நின்றது. கடைசி வரிசையில் ஒருவன் மட்டும், "டீச்சர், தமுங்கறதுன்னா என்ன?" இவனைக் கவனிக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

வாசித்துப் புரிவது என்பது எழுத்தறிதலையும் (எழுத்தைச் சொல்லாக வாசிப்பது) மொழியறிவையும் (கேட்டுப் புரிந்துகொள்வது) பெருக்கி வருவது. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம் என்று 1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள். அந்தப் பெண்ணுக்கு அதே பத்தியை நான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கதையை அழகாகச் சொன்னாள். ஆக, இரண்டுமே இருக்கிறது. ஆனால் அவளைப் பொறுத்தவரை வாசிப்பு என்றால் திக்காமல் முடிப்பது. அதைத்தான் இத்தனை நாள் பாராட்டியிருக்கிறோம்.

ஜூலை 10, வியாழன்

1977இல் பிச்செர்ட், ஆண்டர்சன் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வீட்டைப் பற்றிய ஒரே பத்தி. சிலர் வீடு வாங்க வந்தவராக வாசிக்க வேண்டும், சிலர் திருடனாக. யாராக வாசித்தார்களோ அவருக்கு வேண்டிய விவரங்களே அதிகம் நினைவில் நின்றன.

அதே பாணியில் நானே ஒரு பத்தி எழுதினேன். (திருடன் எதற்கு என்று சக ஆசிரியர் முகம் சுளித்தார். பிள்ளைகள் சுளிக்கவில்லை.) வாங்குபவர்கள் ஈரம் ஏறிய சுவரையும் ஒழுகும் கூரையையும் அடிக்கோடிட்டார்கள். திருடர்கள் பூந்தொட்டிக்கு அடியில் இருந்த சாவியை. பக்கத்து வீட்டு நாயை இரண்டு கட்சியுமே. ஏன்? "ராத்திரி தூங்க விடாது" என்றான் வாங்குபவன். முன் வரிசைப் பெண் திருடர் கட்சி. யாரும் சொல்லாமலே பத்தியை மறுபடி வாசித்துவிட்டு, "நாய் கிழடுன்னுதான் இருக்கு. குரைக்குமா குரைக்காதான்னு போடலையே!" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

இன்று வௌவால் பாடம். வாங்குபவர், திருடர் மாதிரி எதற்காக வாசிக்கிறோம் என்று ஒரு நோக்கம் கொடுத்தும் நகரவில்லை. எதிரொலி என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. மையக்கருத்தைக் கண்டுபிடி என்று இன்னொரு பயிற்சித்தாள் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காலி மண்டபத்தில் கைதட்ட வைத்து, அதைப் பற்றிப் பேசிவிட்டு வந்து வாசித்தோம். ஓடியது.

ஜூலை 17, வியாழன்

பாலின்சர், பிரவுன் 1984இல் விவரித்த முறை: சிறு குழு, பிள்ளைகளே முறைவைத்து ஆசிரியராகி ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது. ஊகத்தில்தான் கூத்து. எந்தப் பத்திக்கும் "அடுத்து பேய் வரும்" என்கிறான் ஒருவன். எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று 'குட்டி டீச்சர்' கேட்க வேண்டும் என விதி போட்டோம். பேய் ஓடிவிட்டது.

அடுத்த படி, நோக்கத்தை நான் சொல்லக் கூடாது. தலைப்பை மட்டும் பார்த்து, எதற்காக இதை வாசிக்கப் போகிறாய் என்று எழுதச் சொன்னேன். "எரிமலை ஏன் வெடிக்குதுன்னு தெரிஞ்சுக்க" என்று பலர். "சீக்கிரம் முடிக்க" என்று ஒருவன். அதையும் பலகையில் எழுதினேன்.