வாலிபர் கூட்டத்துக்கு முன்னும் பின்னும்

அக்டோபர் 6, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் போதகர் பிடித்துக்கொண்டார். 19ஆம் தேதி வாலிபர் கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். "பிள்ளைகளுக்கு விசுவாசம் பெருகணும், சிஸ்டர்." சரி என்றுவிட்டேன். பக்கத்தில் அந்தப் பையன் கிட்டாரை உறையில் வைத்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 7
தமோக்சிஃபென் சூடு, மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தினமும் போடும் மாத்திரை. தூக்கமில்லை.

அக்டோபர் 9
அந்தக் கிட்டார்ப் பையனின் அம்மாவும் நானும் ஒரே பஸ்ஸில்தான் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போவோம். இருவருக்கும் அதே சிவப்பு கீமோ மருந்து. சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று எனக்கு முன்கூட்டியே சொன்னது அந்த அக்காதான். சபை எங்கள் இருவருக்காகவும் உபவாசித்தது, இருவர் நெற்றியிலும் எண்ணெய் பூசியது. என் கட்டி மார்போடு நின்றது. அக்காவுக்கு ஈரலுக்குப் போய்விட்டது. கட்டி தெரிந்த பிறகும் செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 ரிங்கிட்தான், ஆனால் ஒரு நாள் கூலி போகுமே. இப்போது நான் எழுந்து "விசுவாசித்தேன், சுகமானேன்" என்றால் அவன் காதில் எப்படி விழும்? அக்காவைவிட எனக்கு விசுவாசம் அதிகம் என்றால் இந்தத் தோட்டத்தில் நாய்கூட நம்பாது.

அக்டோபர் 12
பசார் மாலாம், இரவுச் சந்தை. அப்பம் பாலிக் என்ற கடலை அப்பம் முழுசையும் நானே தின்றேன்.

அக்டோபர் 14
எல்லோரும் பைபிளில் வரும் எசேக்கியா ராஜாவையே சொல்கிறார்கள். சாகக் கிடந்தவன் அழுதான், ஆயுசு 15 வருஷம் கூடியது. அத்திப்பழப் பற்று போட்டதை மட்டும் விட்டுவிடுவார்கள். எனக்குத் துரோப்பீமுதான். பவுல் மேல் பட்ட துணி பட்டாலே நோய் போயிற்று என்று படிக்கிறோம். அதே பவுல், கூட வந்த இந்தத் துரோப்பீமுவை நோயோடு மிலேத்துவில் விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. விசுவாசம் போதவில்லை என்ற ஏச்சும் இல்லை.

அக்டோபர் 15
மாமோகிராம். இடது பக்கத்தை மட்டும் இரண்டு தடவை எடுத்தார்கள். ரிசல்ட் 23ஆம் தேதி.

அக்டோபர் 17
இரண்டு தடவை எதற்கு?

அக்டோபர் 18
பையன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன், அம்மாவைப் பற்றிச் சொல்லலாமா என்று. "சொல்லுங்க ஆன்ட்டி. பாவம் மாதிரி மட்டும் சொல்லாதீங்க. பஸ்ல எல்லாரையும் சிரிக்க வெப்பாங்கல்ல, அதைச் சொல்லுங்க." அவன் அப்பா தேநீரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர் வரவில்லை.

அக்டோபர் 19, இரவு
சொன்னேன். தலைமுடி கொட்டியது, டிரைவர் சாப்பாட்டு டப்பாவை அக்கா ஒளித்து வைத்தது எல்லாம். பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும்தான். பிறகு, நானும் ஜெபித்தேன், அவரும் ஜெபித்தார், நான் இருக்கிறேன், ஏனென்று எனக்குச் சொல்லத் தெரியாது என்றேன். போதகர் வாட்ச்சைப் பார்த்தார். பின் வரிசையிலிருந்து ஒரு பெண்: "அப்ப ஜெபிச்சு என்ன ஆன்ட்டி பிரயோஜனம்?" நியாயமான கேள்வி, சபையில் பெரியவர்கள் யாரும் கேட்டதில்லை. வாந்தியெடுத்த ராத்திரிகளில் நான் தனியாக இல்லை, அது மட்டும் நிச்சயம் என்றேன். அவளுக்குப் போதவில்லை, முகத்திலேயே தெரிந்தது. கட்டி தட்டுப்பட்டால் ஜெபியுங்கள், மறுநாள் காலையே கிளினிக்குக்கும் போங்கள் என்று முடித்தேன். மீகூன் சாப்பிடும்போது அதே பெண் தன் சின்னம்மாவைப் பற்றி மெதுவாகக் கேட்டாள். திங்கட்கிழமையே கூட்டிப் போகச் சொன்னேன்.

அக்டோபர் 20
போதகர் கை கொடுத்தார், பேசவில்லை.

அக்டோபர் 22
இடது பக்கம். இடது பக்கம்.
நாளை முதல் பஸ். பையன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான், தானும் கூட வரட்டுமா என்று. ஐந்தாம் படிவ எஸ்பிஎம் பரீட்சை வருஷம் அவனுக்கு. வேண்டாம் என்றுதான் எழுத வேண்டும், இன்னும் எழுதவில்லை.