பதினாறு பிக்சலுக்குள் மூன்று சுழிகள்

கொழும்பு வெள்ளவத்தையில் திருமண அழைப்பிதழ் ஒன்றைத் திரையில் மெய்ப்புப் பார்த்தபோது, 'ண' எழுத்தின் சுழிகள் ஒட்டி மங்கியிருந்தன. அதே கோப்பு அச்சில் தெளிவாக வந்தது.

எழுத்தின் வடிவமாக எழுத்துருவில் இருப்பது வளைகோடுகளாலான வெளிக்கோடு மட்டுமே. அதற்குள் எந்தப் பிக்சல்களை, அதாவது திரையின் நுண்கட்டங்களை, நிரப்புவது என்பதை ஒவ்வொரு முறையும் மென்பொருளே கணக்கிடுகிறது. 12 பாயிண்ட் எழுத்துக்கு, அங்குலத்திற்கு 96 பிக்சல் கொண்ட திரையில் 16 பிக்சல் உயரம்தான் கிடைக்கிறது. அங்குலத்திற்கு 600 புள்ளி இடும் அச்சுப்பொறியிலோ 100 புள்ளிகள். விளிம்புகளைச் சாம்பல் நிறத்தால் மென்மையாக்கலாம். ஆனால் நெருங்கிய சுழிகளின் இடைவெளியையே அந்தச் சாம்பல் நிரப்பிவிடுகிறது.

ஆகவே, கோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்தும் ஹின்டிங் குறிப்புகளைத் தமிழ்ச் சுழிகளுக்கும், குறிப்பாக மெய்யெழுத்தின் புள்ளிக்கும், எழுத்துரு வடிவமைப்பாளர்கள் தனியே எழுத வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். புள்ளி மங்கினால் 'க்' என்பது 'க' ஆகிவிடுகிறது.